முதலில் வரும் நீர்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. நாகர்கோவில்காரிக்கு மலை என்றால் மழையும் ரப்பர் மரமும்தான். இங்கே மொட்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அவற்றின் காலடியில் திடீரென்று பச்சைப் பசேலென நெல்வயல். ஊர் நெருங்க நெருங்க அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் தெரிகின்றன. அவிந்த நெல்லின் வாசனை பேருந்துக்குள் வந்துவிடுகிறது. பட்டுக்குப் பேர்போன ஊர் முதலில் அரிசி மணத்தோடுதான் வரவேற்கிறது.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். என்னோடு வேலை பார்த்த தோழியின் மகள் ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கிறாள். “பட்டு நெய்யறதைப் பார்க்கணும்னு எத்தனை வருஷமா சொல்றீங்க பெரியம்மா, ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்” என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து வடக்கே இவ்வளவு தூரம் ரயிலேறிப் போனது தறி பார்க்கத்தான். தறியையும் பார்த்தேன், அவள் மேசைமேல் இருந்த ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதத் தோன்றுகிறது.

அவர்கள் வீட்டு முன்னறை முழுவதும் தறி. குழிக்குள் காலை விட்டு மாமனார் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளைபோட்ட அட்டைகள் கோத்துத் தொங்குகின்றன. மிதியை அழுத்தினால் ஒரு அட்டை நகர்கிறது, பாவில் வேண்டிய இழைகள் மட்டும் மேலே எழுகின்றன, நாடா பாய்ந்து மறுபக்கம் போகிறது. மூலையில் மாமியார் ராட்டை சுற்றித் தாரில் ஊடை நூல் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைப் புணைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாவின் நுனியையும் புதிய பாவின் நுனியையும் எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். செய்துகொண்டிருந்த அம்மாள் என்னிடம் பேசிக்கொண்டே செய்தார். விரல் மட்டும் நிற்கவில்லை.

“இப்படியே எவ்வளவு நேரம் உட்காருவீங்க?” என்று மாமியாரிடம் கேட்டேன்.

“வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தாம்மா. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட எழுந்திருக்க மனசு வராது. எழுந்தா கை விட்டுப்போகும். அடக்கியே பழகிடுச்சு.”

நர்ஸாக இருந்தவளுக்கு இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது. அடக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த தாரை எடுத்தார்.

சாயங்காலம் கமண்டல நாகநதிக் கரைக்கு அழைத்துப்போனாள். ஆற்றில் மணல்தான் அதிகம். புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. தசரதன் பிள்ளைவரம் வேண்டி யாகம் செய்த தலம் என்பார்கள். பிள்ளையில்லாதவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வருகிறார்கள். கணவனும் மனைவியுமாக, கூட ஒரு தாயாரோ மாமியாரோ அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு. யாரும் யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதில்லை. நானும் அவர்களுக்காகக் கைகூப்பினேன்.

அங்கே நின்றபோது என் மனம் ஓடிய திசையை மறைக்காமல் எழுதுகிறேன். அவர்களில் சில பெண்களுக்குக் கருக்குழாய் அடைத்திருக்கும். அடைப்புக்குக் காரணம் பல. நம் நாட்டில் காசநோய் கருக்குழாயைக் கெடுப்பது சாதாரணமாக நடக்கிறது. பழைய அறுவைச் சிகிச்சையின் தழும்பு இருக்கலாம். கணவனின் விந்தணுவில் குறை இருந்து, பழி முழுவதும் மனைவி தலையில் விழுந்திருக்கலாம். இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிளமிடியா என்ற கிருமி. உடலுறவால் பரவும் இந்தத் தொற்று வந்த பெண்களில் 100 பேரில் 70 பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆண்களிலும் பாதிப்பேருக்குத் தெரியாது. வலியில்லை, எரிச்சலில்லை, காய்ச்சலில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் 100 பெண்களில் 10 முதல் 15 பேருக்குக் கருப்பைக்கு மேலேறி இடுப்புக்குழி அழற்சியாகி, குழாயில் தழும்பை விட்டுவிடும். கல்யாணத்துக்கு முன்பு கணவனுக்கு வந்து, அவனுக்கே தெரியாமல் அவளிடம் சேர்ந்திருக்கலாம். அவள் செய்தது ஒன்றுமே இல்லை.

இந்த ஆற்றுக்கு ஜமதக்னி முனிவரின் கமண்டலத்தோடு உறவு சொல்வார்கள். மனம் ஒரு கணம் சலித்தது என்பதற்காக அவர் மனைவி ரேணுகையின் தலை வெட்டப்பட்ட கதையும் இந்தப் பக்கத்துக் கதைதான். சற்றுத் தள்ளிப் படவேட்டில் அவளை ரேணுகாம்பாளாகக் கும்பிடுகிறோம். பெண்ணைச் சந்தேகிப்பது எவ்வளவு எளிது என்று இந்தக் கரையில் நின்றுதான் நினைக்க வேண்டும்.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மைக்ரோஸ்கோப், ரத்த அணுக்களை எண்ணும் கருவி ஒன்று, சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று. காலை வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெறும்வயிற்றோடு வந்த சர்க்கரைக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு தம்பதி, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார்கள். அவர்களைப் பற்றி இதற்குமேல் எதுவும் எழுத மாட்டேன். அவர்களிடம் இவள் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?”

“காலையில எழுந்ததும்.”

“ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, போதும். போறதுக்கு முன்னாடி கழுவாதீங்க. முதல்ல வர்றதையே பிடிங்க. இந்தக் கோடு வரைக்கும் இருந்தா போதும், மீதியை அப்படியே விட்டுடுங்க.”

அந்தப் பெண் தயங்கினாள். “போன தடவை முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல பிடிக்கச் சொன்னாங்களே?”

“அது வேற டெஸ்ட்டும்மா. இதுக்கு முதல்ல வர்றதுதான் வேணும்.”

என் பணிக்காலம் முழுவதும் நான் சொல்லிவந்தது ‘நடு யூரின்’தான். சிறுநீர்ப்பையில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, வழியில் ஒட்டியிருப்பதை முதல் நீர் கழுவிக்கொண்டு போய்விட வேண்டும். நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அந்தக் கழுவிய நீர்தான் வேண்டும். கிளமிடியாவும், அதேபோல உடலுறவால் பரவும் கொனோரியாவும் இருப்பது சிறுநீர்த் தாரையின் உட்சுவரில். ஒரு மணி நேரமாவது அடக்கியிருந்தால் அங்கே உதிர்ந்த செல்கள் சேர்ந்திருக்கும். முதல் 20, 30 மில்லி அவற்றை அடித்துக்கொண்டு வந்துவிடும். டப்பா நிறையப் பிடித்துக் கொடுத்தால் செல்கள் நீர்த்துப்போகும், இருக்கிற தொற்றும் தெரியாமல் போகலாம். நெசவாளர் வீட்டில் அடக்கிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது முதலில் வருவதைப் பிடிப்பதுதான் என்றாள் இவள். முன்பு வேறு சோதனைக்குக் கொடுத்த பழக்கத்தில் முதல் நீரை விட்டுவிடுகிறார்கள்.

டப்பா வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு, பிப்பெட்டால் கொஞ்சம் எடுத்து ஒரு குழாயில் விட்டாள். குழாயின் லேபிளில் இரண்டு கறுப்புக் கோடுகள். நீர்மட்டம் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும், குழாயைச் சோதிக்கப்போகும் சென்னைக் கூடம் ஏற்காது. குழாய்க்குள் ஏற்கெனவே ஒரு திரவம் இருக்கிறது. அது செல்களை உடைத்து உள்ளே இருப்பதைக் கெடாமல் வைத்துக்கொள்ளும். டப்பாவிலிருந்து 24 மணி நேரத்துக்குள் குழாய்க்கு மாற்றிவிட்டால் போதும், அப்புறம் அறை வெப்பத்திலேயே நாள்கணக்கில் தாங்கும். ஆரணி வெயிலுக்கு இது பெரிய வசதி. அவள் குழாயைக் கண்ணுக்கு நேரே உயர்த்திக் கோட்டைப் பார்த்தாள். காலையில் மாமனார் பாவில் அறுந்த இழையைத் தேடிய அதே கவனம்.

சென்னையில் பயிற்சி பெற்ற காலத்தில் நான் பார்த்தது வேறு சோதனை. இரண்டு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, நோயாளியை முதல் நீரை ஒன்றிலும் மீதியை இரண்டாவதிலும் விடச் சொல்வார்கள். முதல் குவளை கலங்கி இரண்டாவது தெளிந்திருந்தால் நோய் தாரையின் முன்பகுதியில் இருக்கிறது. இரண்டும் கலங்கியிருந்தால் மேலே ஏறிவிட்டது. பழைய தொற்று என்றால் தெளிந்த நீரில் மெல்லிய இழைகள் மிதக்கும். சீழணுக்களும் சளியும் திரண்டு உண்டாகும் இழைகள் அவை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெதுவாகச் சுழன்று கீழிறங்கும். முதல் நீரில்தான் சாட்சி இருக்கிறது என்று அந்தக் காலத்து மருத்துவர்களுக்கும் தெரிந்திருந்தது; வெறுங்கண்ணால் இழையைத்தான் பார்க்க முடிந்தது, கிருமியைப் பார்க்க முடியவில்லை.

சிறுநீரை உற்றுப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்களைச் சித்த மருத்துவர்கள் இன்றும் படிக்கிறார்கள். காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வட்டமிடுகிறதா, முத்தாகத் திரண்டு நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்வார்கள். நோயாளியைத் தொடாமல், துணி விலக்கச் சொல்லாமல், அவர் விட்ட நீரிடம் போய்க் கேள்வி கேட்கும் அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கொனோரியா நம் ஊரில் வெட்டை. அதன் கிருமியை 1879ல் கண்டுபிடித்தவர் ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர். அதே நைசர்தான் பின்னாளில் கிரந்தி நோயை ஆராய ஜாவாத் தீவுக்குக் குழுவோடு போனார். அந்தக் குழுவில் இருந்த ஹால்பர்ஸ்டெட்டரும் புரோவாசெக்கும் 1907ல் உராங்குட்டான்களின் கண்ணில், இதே கிளமிடியாவால் வரும் ஒரு கண்நோயின் சீழைத் தடவி, செல்களுக்குள்ளே சிறு பொதிகள் இருப்பதைக் கண்டார்கள். கிளமிடியாவை மனிதர் முதலில் பார்த்தது அப்படித்தான். பார்த்தார்களே தவிர வளர்க்க முடியவில்லை. மற்ற பாக்டீரியாக்களைப் போல இது தட்டில் வளராது. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து, அங்கே ஒரு பையில் ஒளிந்து பெருகி, இரண்டு மூன்று நாளில் செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த செல்லில் ஏறும். பீக்கிங்கில் தாங் ஃபெய்ஃபான் என்ற அறிஞர் கோழிமுட்டைக் கருவில் அதை வளர்த்துக் காட்டியது 1950களில்தான். கண்நோய்க்கு இதுவே காரணம் என்று உறுதிப்படுத்தத் தன் கண்ணிலேயே அதை விட்டுக்கொண்டவர் அவர்.

செல்லுக்குள் ஒளியும் கிருமியைப் பிடிக்கச் செல்லையே எடுத்துவர வேண்டியிருந்தது. ஆணுக்குத் தாரைக்குள் சில சென்டிமீட்டர் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்ற வேண்டும். பெண்ணை மேசையில் படுக்கவைத்துக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அறைக்கு வெளியே நின்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். வலிக்குப் பயந்து போனவர்கள் குறைவு, யாராவது பார்த்துவிடுவார்களே என்று போனவர்கள்தான் அதிகம்.

1990களில் அது மாறியது. கொரோனா காலத்தில் பி.சி.ஆர். என்ற பெயர் பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இன்று விளக்குவது சுலபம். கேரி முல்லிஸ் 1983ல் கண்ட வழி அது; அதற்காக 1993ல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரில் கிருமியின் மரபிழை ஒன்றிரண்டு இருந்தாலே போதும். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரிந்துவிடும். சூட்டைக் குறைத்தால், தேடும் இடத்தில் மட்டும் ஒட்டும் சிறு துணுக்குகள் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி சூட்டை ஏற்றினால் ஒரு நொதி ஒவ்வொரு இழைக்கும் ஜோடியைக் கட்டிவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போன கதை ஆரணி அரிசி ஆலைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். 30 சுற்று முடிந்தால் ஒரு இழை 107 கோடி ஆகியிருக்கும். இதில் எனக்குத் தீராத வியப்பு அந்த நொதிதான். 95 டிகிரியில் எந்தப் புரதமும் வெந்துபோகும், இது வேகாது. காரணம், இது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவினுடையது. 1960களில் தாமஸ் பிராக் அதைத் தேடிக் கண்டபோது, கொதிக்கும் நீரிலும் உயிர் வாழுமா என்ற ஆர்வம் ஒன்றுதான் அவருக்கு இருந்தது. ஆரணியிலிருந்து சென்னைக்குப் போகும் குழாய்க்கு அங்கிருந்து ஒரு துணை.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. 2006ல் ஸ்வீடனின் ஹாலண்ட் மாவட்டத்தில் கிளமிடியா எண்ணிக்கை திடீரென்று குறைந்தது. மருத்துவர்கள் மகிழ்ந்துவிடாமல் தேடினார்கள். சோதனைகள் எந்த மரபுத்துண்டைத் தேடினவோ அதே இடத்தில் 377 எழுத்துகளை உதிர்த்துவிட்ட ஒரு வகை பரவியிருந்தது. நோய் இருந்தது, சோதனைக்குத்தான் தெரியவில்லை. அதன் பிறகு ஒரே மாதிரியில் இரண்டு இடங்களைத் தேடும்படி சோதனைகளை மாற்றினார்கள். எண்ணிக்கை குறைந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று நினைத்த அந்த மருத்துவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்த டப்பாவிடம் எல்லாவற்றையும் கேட்கவும் முடியாது. எச்.ஐ.வி., கிரந்தி, மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கு ரத்தம்தான் வேண்டும். தொண்டையிலோ ஆசனவாயிலோ தொற்று இருந்தால் சிறுநீர் சொல்லாது. ஆணுக்குச் சிறுநீர் மிக நல்ல மாதிரி. பெண்ணுக்கு அது சிலரைத் தவறவிடும். அவளே தனியறையில் பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கும் மாதிரி இன்னும் நம்பகமானது. மாத்திரை சாப்பிட்ட அடுத்த வாரமே திரும்பச் சோதித்தால், செத்த கிருமியின் இழைகூட ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் கூடத்தில் ஆள் வேண்டும். கருவி சொல்லாது.

வரும் வழியில் காட்பாடியில் இறங்கியபோது செல்லப்பன் நிர்மலாவை நினைத்துக்கொண்டேன். 1986 தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், அரசு இல்லத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.; ஜேக்கப் ஜான் தலைமையில் இருந்த ஆய்வுக்கூடம். சோதனையில் ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதன் அடையாளமாக, மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்று தெரிந்தது. ஆரணியிலிருந்து அந்த ஆய்வுக்கூடம் பேருந்தில் போய்வரும் தூரம்தான். நிர்மலா செய்தது மகத்தான வேலை. அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனாலும் ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களை நான் மறப்பதில்லை. மாட்டேன் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் அவர்கள்.

அதற்கு வெகுகாலம் முன்பும் அப்படித்தான். ஆரணிக்கு ஒரு கோட்டை உண்டு. 1751ல் கிளைவ் சண்டையிட்ட இடம். வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய ஊர்களில் சிப்பாய்களுக்கு நோய் வரக் கூடாதென்று பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் இருந்தால் பூட்டிவைத்தார்கள். இதற்கென்றே 1868ல் ஒரு சட்டம் வந்தது. 1888ல் அதை நீக்கும்வரை சோதனை பெண்ணுக்குத்தான், சிப்பாய்க்கு இல்லை. இன்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவருடைய சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் முடியாது, முடிவை வெளியே சொல்லவும் முடியாது. டப்பாவைத் தன் கையால் வாங்கி, தானே கதவைத் தாழிட்டுக்கொண்டு, தானே பிடித்துக் கொடுக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தபோது, நாம் வந்த தூரம் எனக்குப் புரிந்தது.

இன்னும் போக வேண்டிய தூரமும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி.க்கும் கிரந்திக்கும் ரத்தம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆற்றுப்படுத்துபவர் உட்கார வைத்துப் பேசுகிறார். பால்வினை நோய்ப் பிரிவில் அறிகுறியைக் கேட்டு, வண்ணப் பொட்டலங்களில் மாத்திரை தருகிறார்கள். ஆணுக்குச் சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும், ஒரே வேளை. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். கூடம் இல்லாத ஊரிலும் அன்றைக்கே மருந்து கிடைக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு, எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் அறிகுறியே இல்லாதவளுக்கு எந்த நிறப் பொட்டலமும் இல்லை. அவள் அந்த வாசலுக்கே வரமாட்டாள். அவளைக் கண்டுபிடிக்கும் சோதனையோ தனியார் கூடத்தில், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தால்தான். நெசவுக் கூலியில் வாழும் வீட்டில் அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இங்கிலாந்தில் 2003லிருந்து 25 வயதுக்குட்பட்டவர்களை அழைத்துக் கிளமிடியா சோதனை செய்தார்கள்; 2021லிருந்து அந்த வயதுப் பெண்களை மட்டும் அழைக்கிறார்கள். தபாலில் சோதனைப் பெட்டி வீட்டுக்கே வருகிறது. நம்மிடம் கருவி இல்லாமலும் இல்லை. காசநோய்க்குச் சளியைப் பார்க்க மாவட்ட மருத்துவமனைகளில் வைத்திருக்கும் சி.பி.நாட் கருவியில், கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் உள்ள கார்ட்ரிட்ஜைச் செருகினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு வரும். பிள்ளையில்லை என்று அரசு மருத்துவமனைக்கு வரும் தம்பதிக்கும், கர்ப்பிணிக்கும், கேட்டு வரும் யாருக்கும் அதை இலவசமாகச் செய்ய வேண்டும். உலகம் முழுவதும் 2020ஆம் ஆண்டில் மட்டும் 12 கோடியே 90 லட்சம் புதிய கிளமிடியா தொற்றுகள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை நாளுக்கு இரண்டு, ஏழு நாள். இவ்வளவு மலிவான மருந்தால் தீரும் நோய்க்கு ஒரு பெண் கருக்குழாயைப் பறிகொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று வந்த தம்பதியில் கணவர் கேட்டார்: “எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே, நானும் கொடுக்கணுமா?”

“கொடுக்கணும்ணா. ஒருத்தருக்கு மட்டும் மருந்து கொடுத்தா, இன்னொருத்தர்கிட்டேருந்து திரும்ப வந்துடும். ரெண்டு பேருக்கும் ஒண்ணா பார்த்து, இருந்தா ஒண்ணா சாப்பிட்டு, மருந்து முடியிற வரைக்கும் தள்ளி இருக்கணும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஒரு தடவை பார்த்துக்கணும்.” யாரிடமிருந்து யாருக்கு என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அவர் இன்னொரு டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.

இரவு சாப்பிட்ட பிறகு அவளும் நானும் உட்கார்ந்து, கூடத்துக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்ட ஒரு தாள் எழுதினோம். ‘சிறுநீர் கழித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முன்பாகக் கழுவ வேண்டாம். முதலில் வருவதைப் பிடிக்கவும். கோடு வரை போதும். மூடியை இறுக்கமாகத் திருகி, டப்பாவைக் கதவுக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம்; கையில் எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்துவர வேண்டியதில்லை.’ கடைசி வரியைச் சேர்த்தது அவள். ராட்டையடியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, வாசித்துக் காட்டச் சொல்லி, முழுவதையும் கேட்டார்.

“எழுத்தை இன்னும் பெருசா போடு” என்றார். “தறியில கண்ணு போனவங்கதான் உங்கிட்ட வர்றாங்க.”